சம்பந்தி ஃபோனுக்கு ஒரு வெல்வெட் தலகாணி

ஆமா அம்மணி, அந்தச் செவப்பு வெல்வெட் தலகாணிதான்! மொட்டமாடில காயுதே, அதேதான். நாளைக்கு எங்க சம்பந்தி போத்தனூர்ல இருந்து வாராங்க. மூணு நாளா ஃபோன்ல ஒரே கேள்வி. "ஏனுங்க, அந்தச் செவப்புத் தலகாணி இன்னும் இருக்குதுங்களா? அதுல சாஞ்சாத்தான் எனக்கு இடுப்புக்கு எதமா இருக்குமுங்க." அவிய கேக்கக் கேக்க எனக்குச் சிரிப்பு தாங்கல. முந்தானைய வாய்ல அமுக்கிட்டுத்தான் பேசினேன். ஏன்னா அந்தத் தலகாணியாலதான் அவிய எங்கிட்டத் தோத்தாங்க. இன்னிக்கி வரைக்கும் அது அவியளுக்குத் தெரியாது. சித்தெ இப்பிடிப் படில உக்காரு, சொல்றேன். நாளைக்கு அவிய மொகத்தப் பாத்துச் சிரிச்சு மட்டும் வெச்சுபோடாதே.

அப்ப என்ற பேத்திக்கு அஞ்சு வயசு. மக வயித்துப் பேத்தி. போத்தனூர்ல அப்பத்தா ஊட்லதான் வளந்துச்சு. சம்பந்தின்னா அந்த அப்பத்தாதான். மே மாச லீவு வந்தா புள்ள யாரு ஊட்ல இருக்கறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் வருசா வருசம் இழுபறி. அந்த வருசம் மாப்பிள்ள புதுசா டச் ஃபோன் வாங்கினாரு. தேச்சாப் போதும், படம் பறக்கும். அப்பத்தான் அந்த மாதிரி ஃபோனெல்லாம் வர ஆரம்பிச்ச நேரம். எங்கூட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, என்ற பையனோடது. தேச்சா, அது யோசிச்சு, இருமி, அப்பறமாத்தான் நகரும்.

பங்குனில அவிய ஊட்டுக்குப் போயிருந்தேன். சம்பந்தி காபி டம்ளரக் கையில குடுத்துட்டே சொல்றாங்க, "இந்த மே மாசம் புள்ள இங்கயே இருக்கட்டுங்க. உங்கூட்டு ஃபோன்ல கேம் தொறக்கறதுக்குள்ள இந்தக் காபி ஆறிப்போயிருமுங்க. புள்ள அழுவா."

எனக்குக் காபி உள்ள எறங்கல. அவிய ஊட்டுக் காபி எப்பவுமே சக்கர எச்சு, பாயாசமாட்டத்தான் இருக்கும், அது வேற. "அப்பிடீங்களா? எங்கூட்டு ஃபோன் உங்க ஃபோனை ஜெயிச்சுதுன்னா, மே மாசம் முழுக்கப் புள்ள எங்கிட்டங்க. சரிங்களா?"ன்னு கேட்டுப்போட்டேன். கேட்டப்பறந்தான் வாயக் கடிச்சேன். அவிய, "சரீங்க! வார ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு நாங்களே சூலூருக்கு வாரோமுங்க"ன்னு உடனே கையில அடிச்சுட்டாங்க.

பஸ்ஸுல வாரப்பத்தான் ஒறைக்குது. ஒரு மாசத்துக்குப் புள்ளைய வாயாலயே பந்தயம் வெச்சுட்டு வந்திருக்கேன் பாரு!

என்ற பையன் மோட்டாரு காயில் கட்டற பட்டறைல வேல பாத்தான். அவங்கிட்டச் சொன்னதும் தலையில கை வெச்சுட்டான். "ஏம்மா, அவிய ஃபோனுக்கு ரெண்டு மூளை, நம்புளுதுக்கு ஒண்ணே ஒண்ணும்மா. எப்பிடி ஜெயிக்கறது?"

"ஒத்தத் தறிய வெச்சுட்டு ரெண்டு தறிக்காரன விட எச்சா ஓட்டுனதில்லையா நானு?"ன்னேன்.

அவன் சித்தெ யோசிச்சுட்டு, "ஒரு வழி இருக்குது. இந்த மூளை ஒரு நிமிசத்துக்கு இத்தன துடிப்புத்தான் துடிக்கோணும்னு கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வெச்சிருப்பான். நாம உள்ளார பூந்து அத ஏத்திவிடலாம். ஓவர்கிளாக்னு பேரு"ன்னான்.

"அட, புல்லி மாத்தறதுன்னு சொல்லு!"

சிரிக்காதே அம்மணி. நான் இருவத்திரண்டு வருசம் விசைத்தறில நின்னவ. எழுத்துத் தெரியாட்டி என்ன? நம்பர் தெரியும், தறிச் சத்தம் தெரியும். எங்க மொதலாளி ஒருக்கா மோட்டாருல பெல்ட்டு ஓடற சக்கரத்த, அந்தப் புல்லியப் பெருசா மாத்திட்டாரு. ஊட நூலோட்டற நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பறக்குது, துணி சரசரன்னு எறங்குது. அவருக்கு வாயெல்லாம் பல்லு. மத்தியானமாச்சு, நூல் பட்டுபட்டுன்னு அறுந்துச்சு. மோட்டாரத் தொட்டா கை வெந்துபோச்சு. பொழுதோட பாத்தா, பழைய புல்லில எறங்கறதவிடக் கொறச்சுத்தான் எறங்கியிருக்குது. வேகத்த ஏத்தறது பெருசில்ல. அந்தச் சூட்ட எங்க கொண்டு போய்க் கொட்டறதுங்கறதுதான் வேலையே.

பையன் ஃபோன நோண்டி, என்னமோ ஏத்தி, வேகத்தக் காட்டற ஒரு கோட்ட மேல இழுத்துவிட்டான். சோதன போடறதுக்குன்னு ஒரு ஆப்பு. அதுல மீன் நீந்தும், ஒருத்தன் குதிரைல போவான், பந்தெல்லாம் குதிக்கும், கடைசில ஒரு நம்பர் வரும். பெரிய நம்பர் வந்தா வேகமான ஃபோன். விடாம மூணு தடவ ஓட்டி மூணையும் கூட்டோணும், அதான் பந்தயம்னு பையனும் மாப்பிள்ளையும் பேசி வெச்சுட்டாங்க. அவன் உச்சிக்கு இழுத்துட்டான், மொதத் தடவ நம்பர் அப்பிடியே எகிறுது! நானும் அவனும் குதிக்கறோம். ரெண்டாவது தடவ, குதிரைக்காரன் பாதி வழில நின்னுட்டான், ஃபோன் கருப்பாயிருச்சு. பொறங்கைய வெச்சுப் பாத்தேன். தோசக்கல்லு!

"கொற"ன்னேன்.

"கொறச்சா நம்பர் கொறையுமேம்மா!"

"கொறயட்டும். மூணு தடவையும் நிக்காம ஓடுனாப் போதும். உச்சில இருந்து ரெண்டு படி எறக்கு."

எறக்கியும் மூணாந்தடவ கொதிக்குது. சித்திர வெய்யிலு, ஊடே அடுப்பு. எங்க வெக்கறதுன்னு தெரியாம ஃபோன அந்தால இருந்த தண்ணிப் பான மூடி மேல வெச்சேன். பானையச் சுத்தி ஈரத்துணி கட்டியிருந்தேன், மூடி நல்லா சில்லுன்னு இருந்துச்சு. வெச்சுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா குதிரைக்காரன் ஊடு போய்ச் சேந்துட்டான்! அதோட விட்டனா? பையன் மல்லாக்கப் படுத்துச் சிரிக்க, நான் ஒரு வாரம் ஃபோன மெத்தைல, அரிசி மூட்டைல, பானை மேலன்னு மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தேன். பஞ்சு மேல வெச்சா ரெண்டாந்தடவையே செத்துப்போகும். அதை மனசுல முடிஞ்சு வெச்சுகிட்டேன்.

ஞாயிறு வந்துச்சு. சம்பந்தி பட்டுச்சேல, மாப்பிள்ள கூலிங்கிளாசு, என்ற மக, பேத்தி, நாலு பேரும் பஸ்ஸ விட்டு எறங்கறாங்க. என்னமோ பொண்ணு பாக்க வந்தாப்பல. எண்ணெய்ல வெல்லக் கச்சாயம் சுட்டு வெச்சிருந்தேன். மாப்பிள்ள ஒண்ணக் கடிச்சுட்டே, "அத்த, நானும் கோட்ட உச்சிக்கே இழுத்துட்டேனுங்க"ன்னு பெருமையாச் சொல்றாரு. எனக்கு உள்ளுக்குள்ள நாதஸ்வரம் கேட்டுச்சு!

அவரு ஃபோன டேபிள்ல வெக்கப் போனாரு. நான் ஓடிப் போய்ப் பீரோவத் தொறந்து, மக கல்யாணத்துக்கு எடுத்த இந்த வெல்வெட் தலகாணியக் கொண்டாந்து போட்டேன். "அய்யோ, ஊட்டுக்கு வந்த ஒறம்பர ஃபோனுங்க! வெறும் பலகைலயா வெக்கறது? இதுல வைங்க சம்பந்தி"ன்னேன். அவிய மொகம் அப்பிடியே பூத்துப்போச்சு. "பாத்தியா, மரியாதைன்னா இதான்"னு மகங்கிட்டச் சொல்றாங்க. ஃபேனையும் அவிய மொகத்துக்கு நேராத் திருப்பி வெச்சேன். ஃபோனுக்குக் காத்துப் போயிரக் கூடாது பாரு!

எங்க ஃபோன் பானை மூடி மேல.

"அதெதுக்குங்க பானை மேல?"ன்னாங்க.

"டேபிள உங்களுக்குக் குடுத்துட்டேனுங்களே, எங்கூட்ல வேற எடம் ஏதுங்க?"

மொதத் தடவ, அவியதுதான் பெரிய நம்பர். ரெண்டாவது தடவையும் அவியதுதான். சம்பந்தி பேத்திய மடில உக்கார வெச்சுகிட்டு, "மே மாசம் அப்பத்தா ஊட்ல என்னென்ன பண்ணலாம் கண்ணு?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. தப்புப் பண்ணிட்டமோ, இன்னுங் கொஞ்சம் ஏத்தியிருக்கலாமோன்னு பையனப் பாக்கறேன், அவன் என்னப் பாக்கறான்.

மூணாவது தடவ. ரெண்டுலயும் குதிரைக்காரன் கெளம்பினான். எங்காளு ஆடி அசஞ்சு போறான். அவிய ஆளு பறக்கறான், பறக்கறான், அப்பிடியே நின்னான். ஃபோன் கருப்பு! வெல்வெட்ல தொட்டில் புள்ளையாட்டத் தூங்கிருச்சு. மாப்பிள்ள எடுத்து ஊதறாரு, உதர்றாரு, "ஸ்ஸ்"னு கைய மாத்தி மாத்திப் புடிக்கறாரு. எங்காளு மெதுவா ஊடு போய்ச் சேந்தான், நம்பர் வந்துச்சு. அவிய மூணாவது தடவைக்கு முட்ட! பையன் கூட்டி, எங்களுதுதான் பெருசுன்னு சொன்னதும், பேத்தி "அம்முச்சி!"ன்னு கத்திகிட்டு அப்பத்தா மடில இருந்து குதிச்சு எங்கிட்ட ஓடியாந்துச்சு. நான் எந்திரிச்சு ஒரு சுத்துச் சுத்தினேன் பாரு, கச்சாயத் தட்டு கவுந்துபோச்சு.

சம்பந்தி என்ன சொன்னாங்க தெரியுமா? "எங்க ஃபோனுக்குத் திருஷ்டிங்க. பஸ்ஸுல அத்தன பேரு பாத்தாங்க." எங்கிட்டயே மொளகா வாங்கி, ஃபோனச் சுத்தி அடுப்புல போட்டாங்க! மொளகா வெடிக்குது, நான் திரும்பி நின்னு இருமறாப்பல சிரிக்கறேன்.

மே மாசம் முழுக்கப் புள்ள எங்கிட்டத்தான். அவிய சும்மா இருந்தாங்களா? நாலு ஞாயித்துக்கெழமையும் ஃபோனத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டாங்க, "இன்னொருக்கா வெப்போமுங்க"ன்னு. நாலு தடவையும் நான் தலகாணி போட்டேன். நாலு தடவையும் மொளகா வெடிச்சுது. தோத்துட்டு, சாப்புட்டு, அதே தலகாணில சாஞ்சு தூங்கி, சாயந்தரம் பஸ் ஏறுவாங்க. அப்பப் புடிச்சதுதான் இந்தத் தலகாணி ஆச.

இப்பப் பேத்தி காலேஜ்ல கம்ப்யூட்டருதான் படிக்குது. போன வாரம் ஃபோன் போட்டுச்சு. "அம்முச்சி, சூட்டப் பத்தி இன்னிக்கிக் கிளாஸ்ல நடத்துனாங்க. அன்னிக்கு அப்பத்தா ஃபோன மட்டும் ஏன் பஞ்சுத் தலகாணில வெச்சே?"

மாட்டிகிட்டேன் அம்மணி. "ஒறம்பர மரியாதை கண்ணு"ன்னேன்.

"மரியாதையா? இரு, அப்பத்தாகிட்டச் சொல்றேன்."

"சாமி, கண்ணு, தங்கம், சொல்லிப்போடாதே. நீ என்ன கேட்டாலும் தாரேன்."

அது சிரிக்குது, சிரிக்குது, நிறுத்தவே மாட்டேங்குது. அப்பறம் சொல்லுச்சு, "சரி, சொல்லல. ஆனா இந்த லீவு முழுக்க நான் உன்றகூடத்தான் இருப்பேன். தெனமும் கச்சாயம் வேணும்." பாத்தியா, இன்னொரு மே மாசமும் எனக்கே! நாளைக்கு ரெண்டு பேரும் ஒட்டுக்கா வாராங்க. அப்பத்தா தலகாணில சாயப் போறாங்க, பேத்தி என்னப் பாத்துக் கண்ணடிக்கப் போகுது, நான் எப்பிடிச் சிரிக்காம இருக்கறதுன்னு...

அய்யய்யோ, என்ற கையில என்ன, சொட்டு விழுவுது? மழையா? ஏனம்மணி, தூத்தல் போடுது பாரு! தலகாணி மாடில கெடக்குது, நனஞ்சுதுன்னாப் பஞ்சு ஒரு வாரத்துக்குக் காயாது. நீ படியோரமாக் காயற அந்த மொளகாத் தட்ட உள்ளார எடுத்து வெய்யி, நான் மேல ஓடுறேன்.