தினமும் காலையில் இரண்டு வரி

சர்வரின் அமைப்பில் நிரந்தர மாற்றம் எதையும் தலைமையகத்தின் எழுத்துமூல அனுமதியின்றிச் செய்யலாகாது. அனுமதி கேட்கும் கடிதத்துக்கு மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும். எங்கள் கம்பெனியின் நடைமுறைக் கையேட்டில் இப்படித்தான் இருந்தது. அதற்கு அச்சுப்பிழை திருத்திக் கொடுத்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியின் கிளையில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்த தலைமையகத்திலிருந்து ஒரு லினக்ஸ் சர்வர் வந்தது. அதன் அமைப்புக் கோப்பில் பிரிக்பீல்ட்ஸ் நெட்வொர்க்கின் முகவரியே இருந்தது, மாற்றாமல் அனுப்பிவிட்டார்கள். கிள்ளான் முகவரியைக் கோப்பில் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது நிரந்தர மாற்றம். கறுப்புத் திரையில் கட்டளையாக அடித்தால் தற்காலிக மாற்றம், மெஷினை அணைத்ததும் போய்விடும், அனுமதி தேவையில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததும் நானே. பெருமையாக வேறு இருந்தது.

மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கைப்படி மாலையில் எல்லா மெஷினையும் அணைத்தோம். ஆகவே தினமும் காலையில் இரண்டு வரி அடிக்க வேண்டும்: சர்வரின் முகவரி ஒன்று, வெளியே போகும் வழியான கேட்வே ஒன்று. பாஸ்வர்டுக்கு அனுமதி பெற்றிருந்தவர் ஒரே ஒரு கிளார்க். பண்டமாரானிலிருந்து பஸ்ஸில் வருவார். ஏழு மாதக் கர்ப்பம். அவர் அடிக்கும்வரை லோரிகள் வெளியேற வேண்டிய கேட் பாஸ் அச்சாகாது.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் இன்னும் பல்லு வெளக்கலையா?" என்று கவுண்டரில் ஒரு லோரி டிரைவர் கேட்பார்.

"எழுப்பிட்டேன் அண்ணே. எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியல. தினமும் சொல்லணும் லா."

"எங்க முதலாளி மாதிரிதான்."

பிரசவத்துக்கு ஈப்போவில் அம்மா வீட்டுக்குப் போக அவர் விடுப்புக் கேட்டிருந்தார். இன்னொருவருக்கு பாஸ்வர்டு தருவதற்கும் தலைமையகம்தான் அனுமதிக்க வேண்டும். கோப்பை மாற்றவும் பாஸ்வர்டு தரவும் அனுமதி கேட்டு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன்.

"சார், பஸ்ல நின்னுக்கிட்டே வரேன், காலெல்லாம் வீங்குது. கோப்புல எழுதிட்டுப் போறேனே?"

"பதில் வரட்டும்மா" என்றேன்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கேட்காமலே எழுதினார். மெஷினை அணைத்து, மறுபடி போட்டுச் சரிபார்த்துவிட்டு ஈப்போ பஸ் ஏறினார். திங்களன்று யாரும் எதையும் அடிக்காமலே கேட் பாஸ் அச்சாகி வந்தது. நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

கோப்பு மாறியதைத் தலைமையகம் அங்கிருந்தே பார்த்துவிட்டது. புதன்கிழமையே அவரிடம் விளக்கம் கேட்கும் கடிதம் தயாராகி வந்தது. அடியில் கிளை நிர்வாக அதிகாரி கையெழுத்திட வேண்டும். இட்டேன். ஈப்போ வீட்டுக்குப் பதிவுத் தபாலில் சேர்த்ததும் நான்தான். பிரசவமாகிப் பத்தாம் நாள் அவரது ராஜினாமா வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை.

கோப்பில் கிள்ளான் முகவரியை எழுதிக்கொள்ளலாம் என்ற தலைமையகத்தின் பதில், அந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபிறகு, தீபாவளிக்கு முதல் நாள் வந்தது.