முதுகுக்குப் பின்னால் ஒரு கை

சங்கரன்கோவிலில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் அவர். விரலெல்லாம் வார்னிஷ் கறை. கரண்டில் கை வைக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகுமாம்.

டிவியில் மாட்டும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இரண்டு வைத்திருந்தேன். பிளக் பொருந்துகிறதே என்று ஏதோ ஓர் அடாப்டரைச் செருகி முதலாவதை எரித்துவிட்டேன். மற்றதற்குத் திருநெல்வேலி வரை அலைந்தும் அடாப்டர் கிடைக்காததால், அவரே ஒன்று கட்டினார். அதில் கம்ப்யூட்டருக்குப் பதிலாக ஒரு பல்பை எரியவிட்டு, ஒரு மணி நேரமாக மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பது வோல்ட் சரியா காட்டுதுல்லா அண்ணாச்சி, மாட்டுவோம்.”

“சூடான பொறவும் அதே காட்டணும் வே. செத்த இரும்.”

கடைசியில் கம்ப்யூட்டரில் செருகினார். உடனே அந்த இடது கை முன்னால் வந்து அதன்மேல் படிந்தது. நான் பதறினேன்.

“ஒன்பது வோல்ட்டு என்னைய ஒண்ணும் செய்யாது. இதத்தான் செய்யும். சூடு ஏறுனா கைக்குத்தான் மொதல்ல தெரியும்.”

அவர் கடை டிவியில் எழுத்துகள் தெரிந்தன. நான் சிரித்துவிட்டேன். அவர் டிவிப் பக்கம் திரும்பவேயில்லை, கையையும் எடுக்கவில்லை.

முதலாவது எரிந்த அன்று நான் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.