மூன்றரைச் சுற்று

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு ஐஸ் ரிங்கில் எனக்கு வேலை கிடைத்தது. வாடகைச் சப்பாத்துக் கொடுக்கிற கவுண்டர். வருகிறவர்களிடம் கால் அளவைக் கேட்டு, அடியில் இரும்புத் தகடு பூட்டின சப்பாத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐஸ் என்றால் அதுவரைக்கும் எனக்கு சர்பத்துக்குள் போடுகிற சாமான். அதன் மேல் ஆட்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதைப் பார்த்தபடி நான் பிழைப்பு நடத்துவேன் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

விடியக் காலமை, பொதுச்சனம் வருவதற்கு முன், போட்டிகளுக்குப் பழகுகிற பிள்ளைகள் வருவார்கள். அவர்களிடம் சொந்தச் சப்பாத்து இருக்கும். எனக்கு அந்த நேரம் வேலை இல்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அந்தக் கொரியன் பெடியனைக் கவனித்தேன். இருபது வயதைத் தாண்டியிருப்பான். மற்றப் பிள்ளைகள் கத்திக் கதைத்துக்கொண்டு வர, இவன் தலையைக் குனிந்தபடி வந்து, தனக்கென்று ஒதுக்கின ஐஸ் துண்டில் ஏறி, ஒற்றைக் காலில் வட்டம் கீறத் தொடங்குவான்.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டில் இரண்டு பங்கு இருந்தது. ஒன்று, பாட்டுக்கு ஆடித் தாவிச் சுழலுவது. ரிவியில் காட்டுவது அதைத்தான். மற்றது, ஐஸில் எட்டுப் போலக் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போவது. நடுவர்கள் குனிந்து நின்று கோட்டைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒரு பாட்டும் இல்லை, கைதட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு அது வெறுப்பு. இவன் ஆனால் அதில்தான் கெட்டிக்காரன். கீறி முடித்துவிட்டுக் குந்தி இருந்து தன் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பான். அவனுக்குத் தாவல் அவ்வளவாக வராது. கோட்டில் எடுத்த புள்ளியால்தான் அவன் தன் நாட்டு அணியில் நின்றான்.

அவனுக்குப் பழக்குகிற ஆங்கிலேய அம்மா ஒருநாள் கவுண்டருக்கு வந்து, "உனக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு அறை இருக்கா?" என்று கேட்டார். அவன் இருந்த வீட்டுக்காரி, அவன் சாப்பாடு மணக்கிறது என்று வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டாளாம். எங்கள் வீடு மிச்சம் என்கிற லண்டன் புறநகரில். மாடியில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அன்றைக்குப் பின்னேரம் என்ர மனுசனிடம் சொன்னேன். இவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துக் களைத்துப் போயிருந்தார்.

"மணக்குமாம் எண்டோ? நாங்கள் கருவாடு பொரிக்கிற ஆக்கள். வரட்டும்" என்றார்.

அப்படித்தான் அவன் வந்தான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டான். அக்கா என்று சொல்லிக் கொடுத்தேன். அவனும் நாங்களும் கதைத்தது அரைகுறை இங்கிலிஷில். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன், அவன் குரல் எனக்கு இப்போது அப்படித்தான் கேட்கிறது.

எங்கே ஐஸில் ஓடப் பழகினாய் என்று கேட்டேன். "வயலில" என்றான். நான் பிழையாக விளங்கிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். நெல்லு வெட்டின பிறகு வயலில் நிற்கிற தண்ணி மாரிக் குளிரில் உறைந்துபோகுமாம். தகப்பன் பலகையில் கம்பி அடித்துக் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாராம். அவர்கள் மொழியிலும் அப்பா என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அவனுக்கு ஒரு பயம் இருந்தது. அவன் நாட்டில் ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லாரும் ஆமிக்கு, கட்டாய இராணுவச் சேவைக்கு, போக வேண்டும். மிகப் பெரிய போட்டியில் பதக்கம் எடுத்தவனுக்கு மட்டும் விலக்கு. தனக்குப் பதக்கம் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். ஆனால் அணியில் நிற்கும் வரைக்கும் கூப்பிடுவதைப் பிற்போடுவார்கள்.

"ஆமிக்குப் போட்டு வந்து திரும்ப ஓட ஏலாதோ?" என்று கேட்டேன்.

"இந்த வயசில அவ்வளவு காலம் ஐஸை விட்டால் முடிஞ்சுது, அக்கா. கால் மறந்திடும்."

எனக்கும் அவன் வயதில் ஒரு தம்பி ஊரில் இருந்தான். சண்டையால் அப்போது அங்கே ரெலிபோன் இல்லை, பாதை இல்லை, ஆர் ஆரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றும் தெரியாது. அதனாலோ என்னவோ, அவன் பயத்தை அவன் விளங்கப்படுத்த வேண்டி இருக்கவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. கோடு கீறுகிற பங்கைப் போட்டிகளில் இருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று. நான் கவுண்டரில் நின்றேன். பழக்குகிற அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்கள் கை தட்டினார்கள், ஒருத்தி ஐஸில் சுழன்று ஆடினாள். இனி விடியக் காலமை விறைக்க விறைக்க வட்டம் கீறத் தேவையில்லை. இவன் போய் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தான். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான், திரும்ப அவிழ்த்தான். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கையில் வைத்தபடியே இருந்தான். ஆறிப் போனது.

இனித் தாவலை விட்டால் வேறு வழி இல்லை. மற்ற நாட்டு ஆம்பிளைகள் எல்லாரும் செய்கிற ஒரு தாவல் அவனுக்கு வரவில்லை. முன்பக்கம் பார்த்தபடி எழும்பி, காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். சின்ன வயதில் பழக வேண்டிய விசயமாம். இவன் அந்த மாரி முழுக்க அதையே பழகினான். எழும்புவான், விழுவான். எழும்புவான், விழுவான். ஐஸில் இடுப்பு அடிபடுகிற சத்தம் கவுண்டர் வரைக்கும் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். சத்தம் மட்டும் விடாது.

வீட்டில் குளித்துவிட்டு வரும்போது நொண்டுவான். ஒருநாள் காற்சட்டை கொஞ்சம் இறங்கி இருந்தபோது பார்த்தேன். இடுப்புப் பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பழைய குஷன் ஒன்றை வெட்டி, அதன் ஸ்பொஞ்சை அவன் காற்சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பொம்பிளை மாதிரி இருக்கிறன்" என்று சொன்னான். அந்த மாரியில் அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒருமுறை அவன் இறங்கினான். எழும்பினான், நான் கண்ணை மூடினேன், விழுகிற சத்தம் வரவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது பின்பக்கமாகக் கையை விரித்தபடி போய்க்கொண்டிருந்தான். அவனாலேயே நம்ப முடியவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தான், நடந்தது உண்மையோ என்று கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எழும்பினான். இறங்கவில்லை.

அணியில் அவன் இருப்பதா இல்லையா என்று தீர்க்கிற உலகப் போட்டி கிட்டக் கிட்ட அவனுடைய வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியது. இறங்குகிற கால் அது. உப்புத் தண்ணியில் ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் வற்றும், அடுத்த நாள் திரும்பி வரும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், எலும்பில் மெல்லிய வெடிப்பு, மாதக் கணக்கில் ஓய்வு வேண்டும், இல்லையென்றால் பிறகு ஒழுங்காக நடக்கவும் முடியாமல் போகலாம் என்றார். இவன் மரியாதையாகத் தலையைக் குனிந்து நன்றி சொன்னான். வெளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்தான்.

"கோச் அம்மாட்டச் சொல்லாதேங்கோ, அக்கா."

"சொல்லுவன். உன்ர கால் போப்போகுது."

"கால் போனால் பரவாயில்லை. போட்டி முடியட்டும்."

நான் சொன்னேன். அவன் இல்லாத நேரம் பார்த்து அந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். அவன் இறங்கிற விதத்திலேயே தெரியும்" என்றார். "நான் வேண்டாம் எண்டால் இன்னொராளிட்டப் போவான். என்னட்ட இருந்தால் பழகிற நேரத்தையாவது குறைக்கலாம்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

போட்டி வேறு நாட்டில். அந்த அம்மாவும் அவனும் போனார்கள். ரிவியில் காட்டுவார்கள் என்று சொல்லியிருந்தான். இவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருந்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள். அமெரிக்கன், கனடாக்காரன், ரஷ்யன். மூன்றரைச் சுற்றுச் சுற்றி, படி இறங்குகிற மாதிரி இறங்கினார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

"எங்கட ஆள் எப்ப வருவான்?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசி வரைக்கும் அவனைக் காட்டவில்லை. முதல் சுற்றிலேயே பின்னுக்கு நின்றவர்களை வெட்டிவிடுவார்கள், வெட்டினவர்கள் ரிவிக்கு வரமாட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. கொடி ஏற்றி, பாட்டுப் போட்டு, எல்லாம் முடிந்து செய்தி வாசிக்கத் தொடங்கிய பிறகும் நாங்கள் ரிவியை நிற்பாட்டாமல் இருந்தோம்.

ஊன்றுகோலோடு திரும்பி வந்தான். நடந்ததைக் குசினிக் கதிரையில் இருந்து சொன்னான். காலுக்கு ஊசி போட்டிருந்ததால் நோ இல்லையாம். எழும்பும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். காற்றில் கை தானாகத் திறந்துவிட்டது. ஒன்றரைச் சுற்றோடு இறங்கிவிட்டான். விழவும் இல்லை.

"விழுந்திருந்தாலும் ஆறுதல், அக்கா. செய்து பார்த்தவன் எண்டாவது சொல்லுவினம். நான் பயப்படேல்லை. என்ர உடம்பு பயந்திட்டுது. என்னைக் கேக்காமல் பயந்திட்டுது."

அதற்குப் பிறகு அணியில் இருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆமிக்கான மெடிக்கலுக்கு வரச் சொல்லி வீட்டுக்குத் தகவல் போய்விட்டது என்று தகப்பன் ரெலிபோனில் சொன்னார். அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவடியில் வைக்கிற சோறு அப்படியே கிடக்கும். எனக்குப் பயம் பிடித்தது. வேலைக்குப் போனாலும் மனம் வீட்டில்தான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்று இவரிடம் சொல்லிக் கழற்றுவித்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாக இறங்கி வந்தான். முகம் வழித்து, சேட் போட்டு, வெளிக்கிட்டிருந்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. வந்து இவருக்கு முன்னால் இருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?"

"கேள்."

"நீங்கள் இங்க எப்பிடி இருக்கிறதுக்குக் கேட்டனீங்கள்? அகதி எண்டு, அசைலம். நானும் கேக்கலாமோ?"

இவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

"அங்க போனால் உன்னைச் சுடுவினமோ, தம்பி?"

"இல்லை."

"பிடிச்சு அடைச்சு வைச்சு அடிப்பினமோ?"

"ஆமிக்குப் போகாட்டில் மறியலில அடைப்பினம். போனால் ஒண்டும் செய்யாயினம்."

"அப்ப ஏலாது" என்றார் இவர். "உன்ர வாழ்க்கை போகுது எண்டு எனக்கு விளங்குது. ஆனால் அதுக்கு அவங்கள் விசா தராங்கள். எங்களை நம்பவே எவ்வளவு காலம் எடுத்தவங்கள்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினான். ஆம்பிளைப் பிள்ளை அப்படி அழுததை நான் அதுவரை கண்டதில்லை. இவர் கையைக் கூடக் கழுவவில்லை. இடக்கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அடுப்படியில் திரும்பி நின்றேன். எனக்கு அழுகை வந்தது அவனுக்காகவோ, எங்கே இருக்கிறான் என்றே தெரியாத என் தம்பிக்காகவோ, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பனி விட்டதும் அவன் போனான். இவர்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலை என்று சொல்லிப் போகவில்லை. பிறகு அந்த அறைக்குள் கன நாள் போகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலமை ரெலிபோன் வந்தது. "அக்கா" என்றது அவன் குரல்.

"என்னை எடுக்கேல்லை, அக்கா. மெடிக்கலில காலைப் படம் எடுத்தவை. எலும்பு பிழையாப் பொருந்தியிருக்காம். ஓட ஏலாதவன் ஆமிக்கு வேண்டாமாம். ஊர் அரசாங்கக் கந்தோரில கொஞ்சக் காலம் வேலை செய்தால் போதுமாம்."

எந்த ஆமிக்குப் பயந்து அந்தக் காலை உடைத்தானோ, அந்தக் கால்தான் அவனை ஆமியில் இருந்து காப்பாற்றியிருக்கிறது. காப்பாற்றி என்ன, இனி அந்தக் காலால் தாவ முடியாது.

"நீ சந்தோசமோ?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. சிரிப்பும் வருது. இரவில நித்திரை வரேல்லை. சின்னப் பிள்ளையளுக்குப் பழக்க வரச் சொல்லிக் கேட்டிருக்கினம். போய்ப் பார்க்கிறன்."

பிறகு, அப்பா கதைக்க வேண்டுமாம் என்று சொல்லி ரெலிபோனைக் கொடுத்தான். ஒரு வயதான குரல். கொரியன் மொழியில் நிதானமாக, நீளமாக, நிறுத்தி நிறுத்தி எதையோ சொல்லிக்கொண்டு போனார். நடுவில் குரல் உடைந்தது, செருமிக்கொண்டு திரும்பத் தொடங்கினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. இடைவெளி வந்த போதெல்லாம் நான், "ஓம் ஐயா, ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.