எதிர்த்தரப்பு நாற்காலி

தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஜெசிந்தா காலமான செய்தி வந்தது. அடுத்த வழக்குக்கு அவரைத்தான் சாட்சியாக நம்பியிருந்தேன். "என்ன மிஸ், இப்படிச் சொல்லாமக் கொள்ளாம!" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

சக சட்டத்தரணிகளுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: றொசல்லயில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். போனிலும் கணினியிலும் இருக்கும் தடயங்களை ஆராய்ந்து நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம் சொல்வது அவர் தொழில்.

தோட்டத் தொழிலாளி குமாரின் போனிலிருந்து தோட்ட நிர்வாகியான துரைக்குக் கொலை மிரட்டல் போனதாக ஒரு வழக்கு. குமார் விளக்கமறியலில் இருந்தார். மனைவி தெய்வானை தினமும் என் அலுவலகத்துக்கு வந்து அழுவார். மிரட்டல் போலி என்று ஜெசிந்தா சொல்லிவிடுவார் என்று மலைபோல் நம்பியிருந்தேன்.

"மெசேஜ் இந்தப் போன்ல இருந்துதான் போயிருக்கு சார்," என்றார், போனை ஆராய்ந்து முடித்ததும்.

"நீங்க நம்ம பக்கத்துச் சாட்சி மிஸ்!"

"நான் போன் பக்கம். அது சொல்றத மறைக்கவும் மாட்டேன், சொல்லாதத சேத்துச் சொல்லவும் மாட்டேன். இது பூட்டுப் போடாத போன். யாரு கையில இருந்துச்சுன்னு தோட்டத்துல போய்க் கேளுங்க."

எரிச்சலோடுதான் போனேன். குமார் இருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பரா ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளோடு போன்களையும் அங்கேதான் விட்டுப்போவார்கள். அவசரத்துக்கு யாரும் எதையும் எடுத்துப் பேசுவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இதைச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்.

விசாரணைக்கு முதல் நாள் ஜெசிந்தா என் நாற்காலியை மேசைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டார். "நீங்க இப்ப எதிர்த்தரப்பு. நல்லாக் குடைஞ்சு கேளுங்க," என்றார். விட்டேனா! ஒரு மணி நேரம் குடைந்தேன். கடைசியில் நைசாக, "அப்ப குமார் அனுப்பலன்னு சொல்றீங்க?" என்றேன்.

சிரித்துவிட்டார். "அதுவும் எனக்குத் தெரியாது சார். நாளைக்கு நம்ம பக்கத்துக்காக நீங்க கேட்டாலும் இதே பதில்தான்."

மறுநாள் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பிடமிருந்து கேள்வி வந்தது. "செய்தி இந்தப் போனிலிருந்துதான் போனதா?"

"ஆம்."

தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்படியானால் அனுப்பியவர் குமார்தானே?"

"அது எனக்குத் தெரியாது. யார் அனுப்பியது என்பதற்கு இந்தப் போனில் தடயம் இல்லை."

மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஜெசிந்தாவின் குரல்கூட உயரவில்லை. தீர்ப்பில் நீதவான், அழைத்த தரப்புக்கே பாதகமானதை மறைக்காத சாட்சி என்பதால் அவர் தெரியாது என்றதையும் நம்புவதாகச் சொன்னார். பிள்ளைக்காம்பரா அம்மாவின் சாட்சியமும் சேர்ந்து, குமார் அன்றே வீடு போனார்.

ஜெசிந்தாவின் அடக்கத்துக்குக் குமாரும் தெய்வானையும் வந்திருந்தார்கள். "அவங்க ஆமான்னப்ப மனசுக்குள்ள ஏசிட்டேங்க," என்று தெய்வானை தேம்பினார். "நானுந்தான்," என்றேன்.

நாளை புதிய நிபுணர் ஒருவர் வருகிறார். அறிக்கை முழுக்க நமக்குச் சாதகம் என்று போனிலேயே சந்தோஷப்பட்டார். நாற்காலியை இப்போதே எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன்.