நிட்சேப நதிக்கு ஊர் கொண்டுபோன துணி

சங்கரன்கோவில் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் நிட்சேப நதி ஓடுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். சங்கரன்கோவிலில் ஓவிய ஆசிரியையாக இருந்த என் தோழி கோமதி கூப்பிட்டிருந்தாள்.

திருநெல்வேலியில் காலை ஆறு மணி பஸ். ஐம்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய் என்று நினைவு. பனவடலிசத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். எட்டேகாலுக்குச் சங்கரன்கோவிலில் இறங்கினேன்.

"ஆத்துல தண்ணி வந்தா என்ன, வராட்டா என்னன்னு இருக்கு இந்த ஊரு. அதான் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கோமதி. தறிக்காரர்கள் வெள்ளைத் துணி கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு முழம். அந்த ஆற்றைப் பற்றி மனதில் இருப்பதை வரைந்து தரவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, ஆற்று மணலில் விரிப்பதாக ஏற்பாடு. மணலில் சிக்கிய வண்டி, பிள்ளைக் குளியல், துவைக்கும்போது போன ஒற்றைக் கொலுசு என்று என்னென்னவோ இருந்தன. ஆற்றையே பார்க்காத ஒருவர் பெரிய மீனாகப் போட்டிருந்தார்!

ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாரியம்மாள். தறி நெய்பவர், நாற்பது வயதிருக்கும். அவர் வரைந்தது ஒரு சைக்கிள் மட்டும். கைப்பிடியில் பச்சை வயர் சுற்றியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் சைக்கிளும்மா. நாலு வருசத்துக்கு முன்ன வெள்ளத்துல தாண்டப் போயி, ஆளும் போயிட்டாரு. டீச்சர் கேட்டாங்கன்னு வாரேன். ஆத்துல இறங்க மாட்டேன்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும், சொன்னபடியே ரோட்டோர வேப்பமரத்தடியில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஓரமாகத் துணியை விரித்தோம். அக்கரையிலிருந்து ஆடுகளோடு வந்த ஒருவர், அவை துணியை மிதிக்காமல் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தார். சைக்கிளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது யாரு போட்ட படம்? இந்தச் சைக்கிளைத் தண்ணியில இருந்து இழுத்தது நாந்தான். ஆளு கொஞ்சம் தள்ளிக் கெடந்தாரு."

நான் ஓடிப்போய் மாரியம்மாளிடம் சொன்னேன். அவர் மணலில் இறங்கி, வேகமாக வந்தார்.

"அவரு மேல கம்பளி போத்தி விட்டது நீங்களா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. நல்ல மழை. தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. போலீஸ் வர்ற வரைக்கும் அங்கனயே இருந்தேன்."

"யாருன்னே தெரியாம நாலு வருசமா உங்களைக் கும்பிடுதேன். பேரு என்ன அண்ணாச்சி?"

"முத்தையா."

இருவரும் அழுதார்கள். பிறகு மாரியம்மாள் தானாகவே ஆற்றருகில் போய்க் குனிந்து, அந்தத் தண்ணீரிலேயே முகம் கழுவினார்.

எத்தனையோ ஊர் போயிருக்கிறேன். அந்தக் காலையில் அங்கே நிற்கக் கொடுத்து வைத்ததற்காகக் கோமதிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி முதல் மார்கழி வரை போனால்தான் தண்ணீரைப் பார்க்கலாம். காலையிலேயே போங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் செம்மண் நிறமாக வந்தால் இறங்கவே வேண்டாம். மற்ற நாட்களிலும் கரையில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.