கொண்டைக்கடலை வைத்து ஆடிய போக்கர்

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த நாங்கள் கராமாவில் ஒரே ரூமில் ஆறு பேர். எனக்கு மேல்கட்டிலில் படுத்தவன் யாழ்ப்பாணத்துக்காரன். கொழும்பில் ஒரு கேசினோவில் சீட்டுப் போடும் டீலராக இருந்துவிட்டு வந்தவன், இங்கே ஹோட்டலில் சப்ளையர். என்னைவிடப் பத்து வயது இளையவன். மற்ற நாலு பேரும் டூட்டி முடிந்து வந்தால் ஆளுக்கொரு போனோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் வாய்விட்டுப் பேசுவது இவனிடம் மட்டும்தான்.

சூதென்றாலே ஜெயில் என்று பயந்துகிடந்த நாட்டில், வடக்கே கடலோரத்தில் லைசென்ஸோடு ஒரு கேசினோ வரப்போகிறது, டீலர்களை எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. மேசையில் நிறுத்தி ஆட்டம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார்களாம். அவனுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதனால் லீவு நாள் மத்தியானங்களில் என்னை எதிரே உட்காரவைத்துப் பழகினான். காசு கிடையாது, கொண்டைக்கடலைதான். அப்படியும் நான் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். உட்காருவேன், மறுபடி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன்.

"அண்ணை, ஒரு இடத்தில இருங்கோவன்" என்பான்.

கேசினோவில் ஆடும் போக்கர் அது, ஆளுக்கு மூன்று சீட்டு. எனக்கு இது புதிதில்லை என்றுதான் நினைத்தேன். ராமநாதபுரத்துப் பக்கம் மூணு சீட்டில் நான் கில்லாடி. என் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவேன்; எதிராளி வெலவெலத்துப்போய்ச் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவான். அதே தைரியத்தில் இங்கேயும் பார்க்காமலே கடலையைத் தள்ளிவிட்டு அவனை முறைத்தேன். அவன் பாட்டுக்குத் தன் சீட்டைத் திறந்தான். ராணி ஜோடி. என் கடலையை வாரிக்கொண்டான்.

இந்த ஆட்டத்தில் டீலர் பயப்பட வழியே இல்லை. ஆடுகிறவன் கடலையைக் கூட்டினாலும் சரி, கவிழ்த்தாலும் சரி, அவன் முடிவைச் சொன்ன பிறகுதான் டீலர் தன் சீட்டைத் திறக்க வேண்டும். மிரட்டினால் மிரள எதிரே யாரும் கிடையாது. அவன் எத்தனையோ தடவை விளக்கியும் எனக்கு ஊர்ப்புத்தி போகவில்லை. ஒவ்வொரு கைக்கும் அவன் கண்ணையும் உதட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ர முகத்தில என்னத்தைத் தேடுறீங்கள்? எனக்கே என்ர சீட்டுத் தெரியாது."

தோற்றுத் தோற்றுக் கடுப்பில் ஒருநாள் சீட்டை வீசி எறிந்தேன். அவன் கோபப்படாமல் பொறுக்கி அடுக்கினான். "நல்லது அண்ணை, அங்கையும் இப்பிடித்தான் எறிவினம். பழகவேணும்."

சீட்டு மேல் எனக்கு என்ன கோபம்? வேலை கிடைத்தால் இவன் ரூமைக் காலி செய்துவிட்டுக் கம்பெனி கேம்புக்குப் போய்விடுவான். அந்த நினைப்புதான் என்னை ஒரு இடத்தில் இருக்கவிடவில்லை.

டெஸ்டுக்கு அவன் போன அன்று எனக்கு லீவு. துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தேன். டீக்கடைக்கு இறங்கினேன், டீ வருவதற்குள் மேலே ஏறி வந்துவிட்டேன். தோற்று வரட்டும் என்று ஒரு நினைப்பு. சீ என்று விரட்டினால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நின்றது.

சாயங்காலம் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தான். முகம் தொங்கிக் கிடந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"விடு தம்பி. இது இல்லாட்டி வேற வேலை" என்றேன்.

"கிடைச்சிட்டுது அண்ணை."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல. நாளைக்குள்ள சொல்லவேணுமாம். உங்களிட்டைக் கேட்டிட்டுச் சொல்லுவம் எண்டு வந்தனான். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான். அது அவன் குரலிலேயே தெரிந்தது. சொல்லத்தான் ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன். எழுந்து ஏசியைக் கூட்டினேன். குறைத்தேன். திரும்பவும் கூட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலில் கிடந்த அவன் போனை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே கூப்பிட்டு ஓம்னு சொல்லு" என்றேன்.