கான் தண்ணி மாப்பிள்ளை

அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை உதயரூபனிடம் எப்போதும் சவர்க்கார மணம் வரும். அம்மா அதை மருந்து மணம் என்று நினைத்தாள். "ஆய்வுகூடத்தில வேலை" என்று அவர் சொன்ன ஒரே வசனத்தை வைத்து, எங்கள் ஊர் கல்லடி முழுக்க அவரை அரை டொக்டராக்கியிருந்தாள். அவர் மறுக்கவில்லை. நிலத்தைப் பார்த்துச் சிரிப்பார். அடக்கமான பிள்ளை என்று அம்மா அதற்கும் புள்ளி போட்டாள்.

அவர் வாகரைக்காரர். சுனாமி அவருடைய தோணியையும் தாயையும் ஒரே காலையில் கொண்டுபோனது. சுனாமி மறந்துவிட்டுப்போன வீட்டைப் பிறகு வந்த சண்டை ஞாபகமாக எடுத்துக்கொண்டது. முகாமில் இருந்து செங்கலடிக்கு வந்தவர், வலை பிடித்த கையால் வாளி பிடித்தார். என்ன வாளி என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த வருசம், கலியாணத்துக்கு நாளும் வைத்த பிறகு, செங்கலடியில் ஒரு கண்காட்சி நடந்தது. அவருடைய ஆய்வுகூடமும் அங்கே ஒரு மேசை போட்டிருந்தது. "சனம் கூடுதலா இரிக்கும் மாமி, வராதீங்க" என்று உதயரூபன் கெஞ்சினார். அம்மா பட்டுச்சேலை உடுத்து, சாட்சிக்குப் பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை மாமியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் அக்கா உசாந்தியும் பின்னால் போனோம்.

மேசையில் மூடிய இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் பால் ஆடை போலப் பற்றீரியா படர்ந்திருந்தது. ஒன்றில் பொத்தல் பொத்தலாக ஓட்டை, மற்றதில் ஒன்றுமில்லை. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான அஜந்தா மிஸ் எங்களைக் கண்டதும் மகிழ்ந்துபோனார்.

"பற்றீரியாவைத் தின்னுற வைரஸ் இரிக்கி. பற்றீரியா விழுங்கி எண்டு பேர். அது திண்ட இடம்தான் இந்த ஓட்டை. இந்தத் தட்டுக்கு என்ட ரத்தத்தில தெளிஞ்ச நீரை விழுங்கியோட கலந்து விட்டன். என்ட ரத்தம் அதை முன்னப் பின்னக் கண்டதில்ல, சும்மா விட்டிட்டுது. மற்றத் தட்டு இன்னொராள்ட ரத்தம். பாருங்க, ஒரு ஓட்டையும் இல்ல."

"விழுங்கிக்குப் பசியில்லையா மிஸ்?" என்றேன். விஞ்ஞானத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவனுக்கு இதைவிட நல்ல கேள்வி வராது.

"பசிதான் மனே. அந்த ரத்தம் வாயைக் கட்டிப்போட்டுது. சென்றிக் காவலில நிக்கிற ஆமிக்காரன் மாதிரித்தான் உடம்பும். சண்டைக்கு வாறவன் ஆர், உதவிக்கு வாறவன் ஆர் எண்டு அதுக்கு விளங்காது. தெரியாத முகமெண்டா குறிச்சு வைக்கும். மறுகா வந்தா மறிக்கும். விழுங்கியை நோய்க்கு மருந்தாக் குடுக்கிறதில அதுவும் ஒரு கரைச்சல்."

"அப்ப இந்த ரத்தம் அந்த முகத்தை எங்க கண்டிச்சு?" என்று இலட்சுமிப்பிள்ளை மாமி கேட்டாள்.

"நம்மட உதயரூபன்ட ரத்தமெல்லோ!" மிஸ் பெருமையோடு அவர் முதுகில் தட்டினார். "இந்த விழுங்கியே ஆசுப்பத்திரிக் கழிவு ஓடுற கான் தண்ணியில எடுத்ததுதான். ரெண்டு வருசமா இவர்தான் கானுக்குள்ள இறங்கி அள்ளுறவர். கையில காலில கீறலுக்குக் குறைவில்ல. அதால விழுங்கி உள்ள போய்ப் போய், உடம்பு பழகிப்போச்சு."

மிஸ் அதை மெடல் குத்துவது போலத்தான் சொன்னார். உதயரூபன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கான் அள்ளுறவரா, கனகமணி?" மாமி அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டாள். பக்கத்து மேசைக்கும் கேட்டது. அம்மா பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். என் வாயில் அவருக்கு நல்ல பகிடிப் பெயர் ஒன்று வந்து நின்றது. மீன் முள்ளை விழுங்குவது போல அதை விழுங்கினேன்.

மாமி பஸ் பார்க்க முன்னால் போய்விட்டாள். வாசல் மரத்தடியில் அம்மா வெடித்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அம்மாவின் கோபமும் அந்த வழியாகவே வந்தது.

"அந்தக் கையா என்ட குசினிக்குள்ள வந்து சோத்துச் சட்டியைத் தொடப்போகுது?"

"நான் பொய் சொல்லல்ல மாமி," என்றார் உதயரூபன். "முழுக்கச் சொல்லவுமில்ல. வெக்கமாயிரிந்திச்சு. வேணாமெண்டா நான் வரல்ல."

அவர் திரும்பி நடக்க இரண்டு அடி வைத்தார். அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, சுனாமியண்டு கக்கூசுக் குழி, கான், வாவி, கடல் எல்லாம் ஒண்டாத்தானே வந்திச்சு? வயிறு முட்டக் குடிச்சுப்போட்டுக் கிடந்தன். வாய்க்குள்ள விரலை விட்டுச் சேறெடுத்தது ஆர்?"

அக்கா அம்மாவுக்குக் கிட்டப் போனாள்.

"அந்த விரலாலதானே இண்டைக்கும் சோறு குழைச்சுத் தாறீங்க?"

அம்மா தன் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பட்டுச்சேலைக்குப் பொருந்தாத, மஞ்சள் கறை ஏறிய கை. அவள் அதை மெல்லச் சேலைக்குள் ஒளித்தாள். உதயரூபன் தன் கையை ஒளித்தது போலவே.

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. இலட்சுமிப்பிள்ளை மாமி கல்லடிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாள். அவருக்குக் "கான் தண்ணி மாப்பிள்ளை" என்று பெயர் நிலைத்தது. அதைவிடத் திறமான பெயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. யாருக்கும் சொல்லமாட்டேன்.

வேலையால் வந்ததும் அத்தான் கிணற்றடியில் தோல் உரியத் தேய்ப்பார். அம்மா சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் நிற்பாள்.

"தேய்ச்சது காணும் தம்பி. சவர்க்காரம் கரையுது."

"இன்னொருக்கா மாமி."

அவர் நிமிர்வதில்லை. அம்மாவும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சோறு ஆறிவிடும். அம்மா சூடாக்கிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்பாள்.